வெள்ளை நாயின் லட்சணம்

தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் வாயால் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் காதில் விழாது. சேவூரில் எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு இரண்டு தறி, மூன்று தறி. விடிந்ததும் ஒரு வீட்டில் ஆரம்பித்தால் தெருவே தடதடக்கும். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அம்மா பக்கத்தில் வந்து மண் தரையைக் குதிகாலால் ஓங்கி மிதிப்பாள். அதிர்வு குழிக்குள் போகும். அப்பா நிமிர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகு எல்லாம் கைதான். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு. தாடையை வாசல் பக்கம் திருப்பினால் ஆள் வந்திருக்கிறது. தோளில் துண்டு போடுவதுபோல் காட்டினால் வந்திருப்பவர் முதலாளி. பிள்ளைகளைக் கூப்பிட இன்னும் சுலபமான வழி உண்டு. ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சியில் காலியானது ஒன்றை எடுத்து முதுகில் எறிவாள். திரும்புவோம்.

இதை முதலில் சொல்லாவிட்டால், வீடு நிறைய ஆள் இருந்தும் அது எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் அது விளங்கியது.

நாயைக் கொண்டுவந்தவர் முதலாளி. அப்பாவுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொள்பவர். ஒரு வருஷம் தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு தெற்கே போய்விட்டு வந்தார். வரும்போது காரின் பின்சீட்டில் ஒரு பிரம்புக் கூடை. அதற்குள் பழைய பட்டுத் துணி விரித்து, அதன்மேல் ஒரு குட்டி. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. மூக்கு மட்டும் ரோஜா நிறம். மழைக்காலக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாபா அப்படிப் பாக்கற? ராஜபாளையம். லேசுல கெடைக்காது," என்றார் முதலாளி. "தாயும் தகப்பனும் ஒரே வம்சம். வெளி ரத்தம் ஒரு சொட்டு கலக்கல. சொந்தத்துக்குள்ளியே ஜோடி சேத்து சேத்து வளத்த ஜாதி."

"நம்மளாட்டம்னு சொல்லுங்க முதலாளி," என்றார் அப்பா.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா கட்டியிருந்தது சொந்த அக்காள் மகளை. எங்கள் தெருவில் அது பெருமை. அம்மாவின் அம்மாதான் அப்பாவுக்கு அக்கா என்று சொல்லும்போது எங்கள் சொந்தக்காரர்களின் குரல் சற்று உயரும்.

"எங்க ஊட்ல இதுக்கு எடமில்ல. பட்டு வெச்சிருக்கிற ரூமுல ஒரு மயிரு பறந்தா என் சம்சாரம் என்னையே வெளிய தள்ளிடுவா. உன் வீட்டுக்குப் பின்னால எடம் கீது. பாலும் முட்டையும் நான் அனுப்பறேன். வர்ற தைக்கு அடுத்த தை, வேலூர்ல நாய்ங்களுக்குப் போட்டி. அதுல எடுபட்டுச்சின்னா தோட்டத்துக்கு இட்டுனு போயி ஜோடி சேப்பேன். அதுவரைக்கும் நீ வளத்துக் குடு."

"எடுபடலன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எடுபடாத நாய வெச்சிகினு நான் இன்னாம்மா பண்றது? நீயே வெச்சிக்கோ."

அந்தப் பதிலை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷம் முழுக்க நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். காரணம் என் தங்கச்சி.

அவளுக்கு அப்போது நாலு வயது முடிந்திருக்கும். பேச்சு வரவில்லை. அதற்காக யாரும் கவலைப்படவில்லை. அதற்குக் காரணம் நான். எனக்கும் மூன்று வயதுக்கு மேல்தான் பேச்சு வந்ததாம். வந்த பிறகும் நான் பேசியது குறைவு. வீட்டுக்கு யாராவது வந்தால் பாவு சுற்றி வைத்திருக்கும் உருளைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "அண்ணன் ஊமைக்கோட்டான், தங்கச்சி அதுக்கு மேல," என்பாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அப்பாவின் அண்ணன் பெண்சாதி அவள். "வந்தா ஒரேயடியா வந்து கொட்டும் பாரு. அப்பறம் வாய மூடுன்னு நீயே அடிப்ப," என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள்.

கூடையைத் தரையில் வைத்ததும் தங்கச்சி போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று முதல் அவள் இருக்கும் இடத்தில் குட்டி, குட்டி இருக்கும் இடத்தில் அவள்.

முதலாளி அவனுக்கு ராஜா என்று பெயர் வைத்தார்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அன்றுதான் முதலாளி நாயைப் பார்க்க வருவார். சேலையை விரித்துப் பார்ப்பதற்கென்றே கூடத்தில் ஒரு பெரிய கோரைப்பாய் இருந்தது. அதன்மேல் ராஜாவை நிறுத்தச் சொல்லி, சேலையைப் பார்ப்பதுபோலவே பார்ப்பார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உள்ளங்கையை மூக்கிலிருந்து வால்வரை ஓட்டுவார். சேலையில் ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் அந்தக் கை நின்றுவிடும். அப்பா பக்கத்தில் கைகட்டி நிற்பார். சேலைக்கு நிற்கும்போது வரும் வியர்வை நாய்க்கும் வரும்.

"மூக்குல ஒரு கருப்புப் புள்ளி இருக்கக் கூடாது. ஒதடும் அப்படித்தான். கண்ணு தேன் கலரு. காது பாதியில மடிஞ்சி தொங்கணும், நிமிந்து நின்னா தெரு நாயி. நெஞ்சு ஆழமா எறங்கணும், வயிறு ஒட்டிக் கெடக்கணும். வாலு அடியில தடிச்சி நுனியில சாட்டையாட்டம் போவணும். முதுகு மேல சுருண்டுகிச்சின்னா அவ்ளோதான், போச்சு."

ஒரு அமாவாசையன்று மேலுதட்டின் உள்பக்கம் கருப்பாக ஏதோ தெரிந்தது. முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. அப்போது எங்கள் வீட்டில் சாயக்காரர் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் சினேகிதர், முழங்கைவரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பவர்.

"இதுக்குப் போயி பேஜார் படலாமா முதலாளி? என்னாண்ட அனுப்புங்க. ரோஸ்ல ஒரு முக்கு முக்கித் தரேன். கேரண்டி."

"நக்குனா போயிடுமேய்யா?"

"போவாது. நாக்கும் சேந்து ரோஸாயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள். அது கரி, அடுப்புச் சாம்பலில் மூக்கை விட்டிருக்கிறான். அப்பா பெருமூச்சு விட்டார். எனக்கு மட்டும் ஏமாற்றம். அந்தப் புள்ளி நிஜமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அப்பா அந்த ஒரு வருஷத்தில் மாறித்தான் போனார். எதையும் புகழாத மனிதர், சாப்பிடும்போது ராஜாவின் முதுகுத்தண்டைப் பற்றிப் பேசுவார். துணி அளக்கும் கஜக்கோலைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்ப்பார். வால் வளைந்துவிடக் கூடாது என்று வேப்பெண்ணெய் தொட்டு நீவிவிடுவார். பட்டுச் சேலை அலசுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் அவனுக்குக் குளியல். குளித்துவிட்டு வெயிலில் நின்றால் தோலுக்குள் ஓடும் ரத்தம் தெரியும், அவ்வளவு மெல்லிய மயிர். அந்த ஈர வாசனை இப்போதும் எனக்கு வரும். "டேய் தம்பி, நாயப் பாத்து நிக்கக் கத்துக்கோ," என்று முதலாளி என் கூனல் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். அப்பாவும் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். எங்களில் யாருக்கு என்ன குறை என்று அவர் அப்போதுதான் பார்க்க ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். முதுகு, கால், நிறம், உயரம். தங்கச்சியிடம் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சிவப்பாக, நெடுநெடுவென்று, பெரிய கண்களோடு இருந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்த்து முடித்ததும் முதலாளி பாயைவிட்டு எழுந்து, வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "ராஜா! டேய் ராஜா!" என்று கூப்பிடுவார். ராஜா திரும்பமாட்டான்.

"திமிரப் பாத்தியா?" என்பார் முதலாளி, சந்தோஷமாக. "இந்த ஜாதிக்கு அதான் லட்சணம். எஜமானத் தவிர எவன் கூப்புட்டாலும் திரும்பாது."

அப்போது தங்கச்சி தரையில் ஒரு மிதி மிதிப்பாள். சட்டென்று திரும்பி அவளிடம் ஓடுவான்.

"அட, இந்தக் குட்டிதான் எஜமானி போல!"

அப்பாவுக்கு அதில் பெருமை தாங்காது. தறி நின்று, தெருவே அமைதியாக இருக்கும் அந்த அமாவாசைகளில், எங்கள் கண்ணெதிரே மாதம் தவறாமல் இது நடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தரையை மிதித்துக் கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நாயும் வழக்கத்தைக் கற்றுக்கொண்டது என்று நினைத்தோம்.

பகலெல்லாம் தங்கச்சியும் ராஜாவும் தறிக்குழியின் ஓரத்தில் வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்திருப்பார்கள். அப்பா மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும்போது தரை அதிரும். இரண்டு பேர் கண்ணும் சொருகியிருக்கும். தறி நின்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவார்கள். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். தறிச் சத்தம் அவர்களுக்கு அந்த ஒரு வழியாகத்தான் உள்ளே போயிற்று என்று இப்போது தெரிகிறது. அவளுக்கென்று சில சைகைகள் இருந்தன. உள்ளங்கையைக் கவிழ்த்தால் உட்கார வேண்டும். நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி இரண்டு கைகளையும் மேலே தூக்கினால் ஏற வேண்டும். மாட்டுத் தொட்டி, வைக்கோல் போர், சுவர், எதுவானாலும் தாவி ஏறிவிடுவான். அவள் கைகொட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும்.

போட்டிக்கு முந்தின மார்கழியில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சின்னப் பிள்ளையார் உண்டு. மற்ற பிள்ளைகள் பரீட்சைக்குத் தோப்புக்கரணம் போடுவார்கள். நான் ராஜாவுக்கு ஒரு குறை வர வேண்டும் என்று போட்டேன். பெரிதாக வேண்டாம். வால் கொஞ்சம் சுருண்டால் போதும்.

தை பிறந்து, போட்டி நாள் வந்தது. தங்கச்சி இல்லாமல் ராஜா காரில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவளையும் கூட்டிப் போனோம். முன்சீட்டில் முதலாளியும் டிரைவரும். பின்னால் அப்பா, நான், தங்கச்சி, எங்கள் மடிமேல் ராஜா.

வேலூரில் ஒரு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அல்சேஷன், டாபர்மேன், பொம்மைபோல் பொமரேனியன் என்று நான் அதுவரை படத்தில் மட்டும் பார்த்த நாய்கள். பனி ஈரப் புல்லும் பினாயிலும் கலந்த ஒரு வாசனை. நாய்களைப் பார்த்து மார்க் போடுபவர் தொப்பி வைத்த ஒரு பெரியவர். பட்டாளத்தில் நாய்களைப் பழக்கியவர் என்றார்கள். ராஜாவின் முகத்துக்கு நேரே தங்கச்சி நின்றாள், கழுத்துப் பட்டையை நான் பிடித்திருந்தேன். பெரியவர் வாயைத் திறந்து பல் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். நெஞ்சின் ஆழத்தைக் கையால் அளந்தார். பின்னங்காலைத் தூக்கி வைத்தார். வாலை நுனிவரை உருவினார்.

"எங்க பிடிச்சீங்க இந்த நாயை? அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு," என்றார்.

முதலாளி அப்பாவின் தோளில் கையைப் போட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராஜா போய்விட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பெரியவர் ராஜாவின் பின்னால் போய், பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினார். வரிசையில் இருந்த மற்ற நாய்கள் காதைத் தூக்கின. ராஜா அசையவில்லை. ஒரு விசிலை எடுத்து ஊதினார். மைதானமே திரும்பிப் பார்த்தது. ராஜா தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவன் நிற்கிறான் என்று பெரியவருக்குப் பட்டிருக்க வேண்டும். சுற்றிக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றார்.

"பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

அவள் நகரவில்லை. இன்னொரு முறை சொன்னார். பிறகு விசிலை அவள் தலைக்குப் பின்னால் பிடித்து ஊதினார். நான் துள்ளிவிட்டேன். அவள் ராஜாவின் காதை மடிப்பதும் விடுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் விசிலைப் பைக்குள் போட்டார்.

"நாய்க்குக் காது கேக்கலைங்க," என்றார்.

"அது திமிருங்க. இந்த ஜாதிக்கே அப்படி," என்றார் முதலாளி.

"திமிர் இல்லைங்க. இவ்வளவு வெள்ளை, இவ்வளவு ரோஸ் மூக்கு வேணும்னு சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துகிட்டே போனா, சிலதுக்கு இப்படி வரும். நாய் மேல தப்பில்ல." பிறகு அப்பாவிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாயை விடுங்க. குழந்தையை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

அப்பா தங்கச்சியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைவிட்டு விறுவிறுவென்று நடந்தார். யாரோ அவளை அடிக்க வந்துவிட்டதுபோல நடந்தார்.

திரும்பும்போது கார் கண்ணமங்கலம்வரை நிற்காமல் வந்தது. அங்கே டீ குடிக்க நிறுத்தியபோது முதலாளி சொன்னார்: "முந்தியில குறை உழுந்த பொடவ. யார் தலையில கட்றது? நீயே வெச்சிக்கோபா."

அந்தக் காரில் என்னைப் போல சந்தோஷமாக வந்தவன் யாரும் இல்லை. ராஜாவின் தலை என் தொடைமேல் இருந்தது. பிள்ளையாருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பெரியவர் தங்கச்சியைப் பற்றிச் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

டிரைவர் வாயிலிருந்து விஷயம் தெருவுக்கு வந்தது. அடுத்த அமாவாசைக்குள் குழாயடிவரை வந்துவிட்டது. அமாவாசையன்று தறி ஓடவில்லை. வெயில் ஏறிய நேரம். தங்கச்சி கூடத்தில் உட்கார்ந்து நூல் கழிவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் கல்யாணச் சீர்த் தாம்பாளம் அது. சுவரோரமாக, காலை மெதுவாக எடுத்து வைத்து, பூனைபோல நடந்து தங்கச்சியின் பின்னால் போய் நின்றாள். பிறகு அதைத் தரையில் போடாமல், அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கரண்டியால் ஓங்கி அடித்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா ஓடி வந்துவிட்டாள். தங்கச்சி நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா மறுபடியும் அடித்தாள். மறுபடியும். அப்பா வந்து கையைப் பிடித்து நிறுத்தும்வரை அடித்தாள். பெற்று அஞ்சு வருஷத்தில் அவள் அந்தப் பிள்ளையை ஒரு முறைகூட வாயால் கூப்பிட்டு, திரும்புகிறாளா என்று பார்த்ததில்லை.

அப்பா என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வேலூரில் ஒரு காது டாக்டரிடம் போனார். டாக்டர் ஏதேதோ செய்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமாங்க. அக்கா பொண்ணு."

"பிறவியிலேயே இருந்திருக்கு. இதுக்கு மருந்து கிடையாது. ஆனா இந்தப் பிள்ளைங்களுக்குன்னே பள்ளிக்கூடம் இருக்கு. தங்கிப் படிக்கலாம், கையாலேயே எல்லாம் பேசக் கத்துத் தருவாங்க. சீக்கிரம் சேர்த்துடுங்க."

பஸ்ஸில் வரும்போது தங்கச்சி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்ல போயி ஒண்ணும் சொல்லாத. உங்கம்மா தாங்கமாட்டா."

வீட்டில் பெரியம்மாவும் அம்மாவும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று பெரியம்மா ஆரம்பித்தாள். அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை. "செவிட்டு நாய்கூட ஒரே பாயில படுத்துகினு, அது நக்கறதும் இது கொஞ்சறதும். எச்சில் பட்டுப் புள்ளைக்கும் எறங்கிடுச்சி."

"டாக்டர் இன்னா சொன்னாரு?" அம்மா அப்பாவைத்தான் பார்த்தாள். "நாயாலதானா?"

அப்பா செருப்பைக் கழற்றினார். கழற்றுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. அந்த நேரத்தில் அவர் என்னவெல்லாம் நினைத்தார் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். டாக்டர் சொன்னதைச் சொன்னால், அது அம்மாவின் வயிற்றைப் பற்றிய பேச்சாக ஆகும். அவள் வயிறு என்றால் அவருடைய அக்காவின் ரத்தம். பெருமையாகச் சொல்லிக்கொண்டதெல்லாம் பழியாகத் திரும்பும்.

"அப்படித்தான் இருக்கும்னாரு," என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் அழவில்லை. தெளிந்தது. "அப்போ அது போயிட்டா கொழந்தைக்கு சரியாயிடும் இல்ல?" என்றாள். அப்பா கால் கழுவப் போனார். ராஜா வாலை ஆட்டிக்கொண்டு வந்து தங்கச்சியின் கையை நக்கினான். அம்மா அவளை வெடுக்கென்று இழுத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆரணி ரோட்டில் இருந்த அரிசி ஆலைக்குத் தெள்ளார்ப் பக்கத்திலிருந்து நெல் லாரி வரும். நெல்லை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். ஒரு மதியம் தங்கச்சியை அம்மா உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ள, அப்பா ராஜாவைக் கயிற்றில் கட்டி நடத்திப் போனார். நான் பின்னாலேயே போனேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை.

"எங்கண்ணே எறக்கி வுடணும்?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"நயினாருங்க வீடு ஏதாவது இருந்தா வுட்டுடுபா," என்றார் அப்பா. அந்தப் பக்கத்து ஜைனர்களை நாங்கள் நயினார் என்போம். "அவங்க அடிக்கமாட்டாங்க. சோறு போடுவாங்க."

"காது கேக்காதுன்ற. ரோட்ல வுட்டா ஒரு நாள் தாங்குமா?"

அப்பா ராஜாவைத் தூக்கப் பார்த்தார். அவன் காலை ஊன்றிக்கொண்டான். இழுத்தார், கழுத்து இறுகியதே தவிர நகரவில்லை. லாரிக்காரர் ஒரு குச்சியைத் தேடினார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கயிற்றைக் கீழே போட்டார். ராஜாவின் எதிரே போய் நின்று, தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

அந்தச் சைகையை அவர் கவனித்திருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. ராஜா ஒரே தாவலில் லாரியில் ஏறினான். ஏறிவிட்டு, யாராவது கைகொட்டுவார்கள் என்று எங்களைப் பார்த்து நின்றான். லாரி கிளம்பியது. அப்பா கைகளை இறக்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அவன் எந்த வீட்டில் சேர்ந்தான், சேர்ந்தானா என்பது எதுவும் எனக்குத் தெரியாது. பின்னாளில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெள்ளார், தேசூர் பக்கம் போகும்போதெல்லாம் வெள்ளையாக எந்த நாயைப் பார்த்தாலும் நின்று பார்த்திருக்கிறேன். அவன் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும் என்று தெரிந்தும் பார்த்திருக்கிறேன்.

அம்மா தினமும் காலையில் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தாள். முதலில் ஓங்கி, பிறகு பிறகு மெதுவாக. வெயில் காலம் வந்ததும் அதைப் பரண்மேல் போட்டுவிட்டாள். ஆனால் நம்பிக்கையை விடவில்லை. இந்தக் கோயில், அந்தக் கோயில், ஒரு எண்ணெய், ஒரு தாயத்து. காது திரும்பி வரும் என்று அவளை நம்பவிட்ட பிறகு அப்பாவால் பள்ளிக்கூடத்தைப் பற்றி எப்படிப் பேச முடியும்? டாக்டர் சொன்ன அந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கச்சி எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நானும் நின்றுவிட்டேன். நாய் போனதற்காக அவள் அழுதாளா என்று கேட்பீர்கள். அழவில்லை. கொல்லையில், தெருவில், வைக்கோல் போருக்குப் பின்னால் என்று தேடினாள். அகப்படாதபோது எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள், நாயால்தான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டு போனாள். தங்கச்சி என்னோடு இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. தலை நரைத்துவிட்டது. என் மனைவியும் பிள்ளைகளும் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்குள் இருப்பது பழைய தறி வீட்டுச் சைகைகள். சாப்பாடு, தண்ணீர், வா, போ, தூக்கம், கண்ணை மூடி விரலை விரித்தால் செத்துப்போய்விட்டார். அவ்வளவுதான். அவளுக்குக் காது கேட்காது என்பதைக்கூட அவளிடம் யாரும் சொன்னதில்லை. கேட்பது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் ஆரணிக்குப் போக டவுன் பஸ்ஸுக்காக இருவரும் சேவூர் ரோட்டோரம் நின்றிருந்தோம். எதிரே ஒரு பையன் வெள்ளை நாய் ஒன்றைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போனான். உயரமான நாய், ரோஜா நிற மூக்கு. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த நாயைக் காட்டினாள். பிறகு தன் இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினாள், அந்த உயரத்தில் தான் இருந்த காலத்தை. பிறகு இரண்டு கைகளையும் விரித்தாள். எங்கே?

இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். நான் கண்ணை மூடி விரலை விரித்தேன். அவள் அது தனக்குத் தெரியும் என்பதுபோலத் தலையசைத்தாள். அவள் கேட்டது அது இல்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து, ஆள்காட்டி விரலைத் தன் நெஞ்சின்மேல் வைத்து, என் முகத்தையே பார்த்தாள்.

தன்னாலா என்று கேட்டாள்.

இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் சொல்ல எங்களிடம் எந்தச் சைகையும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரலை எடுத்தாள். நான் சொன்னதை நம்பவில்லை. பஸ் வந்து நின்றது. அவள் ஏறாமல், அந்தப் பையனும் நாயும் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.